நான்காம் எண் ஏப்ரன்

ஒரு நாளைக்கு எண்பது தடவை "மூச்சைப் பிடிங்க, விடாதீங்க" என்று சொல்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் அவள் மூச்சக்கா. பதினாறு வருஷமாக மூச்சக்கா. சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்பவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த மூச்சக்கா ஒரு திங்கட்கிழமை காலை, வந்த தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு, கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

எக்ஸ்ரே கதிரோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நெஞ்சுக்கு நேராக ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். தீப்பெட்டியைவிடச் சின்னது. மேலே பட்ட கதிரையெல்லாம் அது சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வகத்துக்கு அனுப்பினால், யார் உடம்பில் எவ்வளவு ஏறியது என்று எண் வரும். அவளுக்கு எப்போதும் புள்ளி ஒன்று, மிஞ்சினால் புள்ளி இரண்டு. இந்தத் தடவை பதிமூன்று. சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, காரணத்தை ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று ஒரு வரி. பிரிவில் வேறு யாருடைய எண்ணும் அரையைக்கூடத் தொடவில்லை.

வேறு சமயமாக இருந்தால் "மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இப்போது சிரிக்க முடியவில்லை. அவள் வயிற்றில் பதினொரு வாரப் பிள்ளை இருந்தது. முப்பத்தொன்பது வயதில், இரண்டு தடவை தங்கிக் கலைந்த பிறகு வந்தது. அவளுக்கும் புருஷனுக்கும் பிரசவ டாக்டரம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உண்டானது தெரிந்த அன்றைக்கே ஆபீசில் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வதே அவள்தான். ஆனால் போன இரண்டு தடவையும் முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொருவரும் வந்து தோளைத் தொட்டு "போனா போகுது" என்றதைக் கேட்டவள். இந்தத் தடவை பன்னிரண்டு வாரம் தாண்டட்டும் என்று வாயைப் பூட்டி வைத்திருந்தாள்.

பேட்ஜ் அளந்த அந்த மூன்று மாதத்தில், கடைசி ஐந்து வாரம் பிள்ளை உள்ளே இருந்திருக்கிறது. பதிமூன்று உண்மையா, பொய்யா? உண்மையென்றால் பிள்ளைக்கு எவ்வளவு போயிருக்கும்? வைத்துக்கொள்வதா, வேண்டாமா? அவளுக்கு வேண்டியது இந்த ஒரு பதில்தான்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

ஒருவர் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி. முதுகுக்குப் பின்னால் பூஜ்யம் சார். யார் மேலும் ஒரு பொட்டுக் கதிர்கூட வீணாகப் படக்கூடாது, எல்லாம் பூஜ்யத்தை நோக்கிப் போக வேண்டும் என்பது அவர் வேதம். இன்னொருவர் படம் பார்த்து அறிக்கை எழுதுகிற பெரிய டாக்டர். யார் பயந்தாலும் "வாழைப்பழத்துலகூட கதிர்வீச்சு இருக்கு, தெரியுமா?" என்பார். அதனால் வாழைப்பழ டாக்டர். ஆறு மாதத்துக்கு முன்னால், படம் எடுக்க வருகிறவர்களின் அடிவயிற்றின்மேல் ஈயத் தகடு போர்த்துகிற பழைய வழக்கத்தை நிறுத்தியவர் அவர்தான். அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

"பாத்தீங்களா டாக்டர்? பதிமூணு! ஈயத்தை எடுக்காதீங்க, எடுத்தா ஒழுங்கு கெட்டுப்போகும்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேனே!"

"நோயாளி மேல போடுற ஈயத்துக்கும் இவ பேட்ஜுக்கும் என்னய்யா சம்பந்தம்? அந்த ஈயத்தைக் கண்டா மெஷின், ஆளு ரொம்ப குண்டுன்னு நெனைச்சு இன்னும் அள்ளிக் கொட்டும். அதான் நிறுத்தினேன். பதிமூணெல்லாம் ஒரு எண்ணா?"

"கொஞ்சம்னா கொஞ்சம் கெடுதல், நிறையன்னா நிறைய கெடுதல். கெடுதலே இல்லாத அளவுன்னு ஒண்ணு கிடையாது."

"ஆத்துல விழுந்தா மூழ்கிச் சாவான். அதுக்காக ஒரு டம்ளர் தண்ணி குடிச்சவன் கொஞ்சமா சாவானா?"

"டம்ளர் மேல டம்ளரா ஊத்திக்கிட்டே இருந்தா?"

இப்படியே பேச்சு தடித்தது. "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்க ஒரு நாதி இல்லை. ஒருவர் அவளுடைய எண்ணைத் தூக்கிக் காட்டினார், இன்னொருவர் தட்டிவிட்டார், அவ்வளவுதான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்து இரண்டு பேர் வாயிலும் திணிக்கலாம் போல இருந்தது. ஆனால் ஆத்திரத்தோடு கூடவே ஒரு சின்ன யோசனையும் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது. இந்த எண் வந்ததில் பூஜ்யம் சார் முகத்தில் ஏன் இத்தனை வெளிச்சம்?

சாயங்காலம் பிரசவ டாக்டரம்மாவிடம் தாளைக் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பதிமூணு முழுசும் குழந்தைக்கே போயிருந்தாலும், இதுக்காகக் கலைக்கணும்னு எந்தப் புத்தகமும் சொல்லல. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க." மூச்சக்கா தலையாட்டினாள். நம்பவில்லை. பயந்த முகத்தைப் பார்த்தால் அவளும் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் இதே குரலில்தான் "ஒண்ணும் ஆகாது" என்கிறாள். அந்தக் குரல் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தவளிடமே அது விலை போகுமா?

அவள் புருஷன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். சந்தேகப்படுவதுதான் அவர் உத்தியோகம். இருபது வருஷம் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, வீட்டில் பால் பொங்கினால்கூட யார் அடுப்பைத் தூண்டியது என்று விசாரிக்கிற ஆள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"பேட்ஜை வேலை முடிஞ்சதும் எங்க வைப்ப?"

"கண்ட்ரோல் ரூம் வாசல்ல ஒரு பலகை. ஆளுக்கொரு கொக்கி."

"யார் வேணா எடுக்கலாமா?"

"யார் எடுப்பாங்க?"

"அதத்தான் கேக்கறேன். நான் பஸ்ல ஏறின உடனே, கேக்கறதுக்கு முன்னாடியே டிக்கெட்டை நீட்டுறான் பாரு, அவன் மேலதான் எனக்கு முதல் சந்தேகம். உங்க ஆபீஸ்ல இந்த விஷயத்தை முதல்ல எடுத்தது யாரு?"

"பூஜ்யம் சார்."

"அப்ப அவர்தான்." சொல்லிவிட்டுத் தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவர் செய்யலன்னா? நெஜமாவே பட்டிருந்தா? என் பல்லுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கறேன்னு சொன்னதுக்கே, தேவையில்லாம எதுக்குன்னு நீதானே தடுத்த? இப்ப டாக்டரம்மா சொன்னா சரின்னு எப்படி இருக்கறது?"

பதினாறு வருஷம் வீட்டுக்குள் அவள் விதைத்த பயம், இன்றைக்கு அவளையே கேள்வி கேட்டது. சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் முடிவு சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். இன்னும் ஐந்து நாள்.

மறுநாளிலிருந்து மூச்சக்கா வேலை செய்தாள் என்று சொல்வதைவிட உளவு பார்த்தாள் என்று சொல்லலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தரை துடைக்கிற ஆயாம்மா பலகைப் பக்கம் துணியை நீட்டினால் உற்றுப் பார்த்தாள். வாழைப்பழ டாக்டர், "கண்டதுக்கும் பயந்தா எப்படிம்மா?" என்று சிரித்தால், ஏன் இவர் இப்போது சிரிக்கிறார் என்று யோசித்தாள். பூஜ்யம் சார் தனியாகக் கூப்பிட்டு, "காரணம் எழுதும்போது, நோயாளிக்கு ஈயம் போடுறத நிறுத்தினதையும் ஒரு வரி சேர்த்துக்குங்க. நான் மேல அனுப்பறேன்" என்றபோது அவளுக்கு உறுதியாகிவிட்டது. இவர்தான். தன் கட்சி ஜெயிப்பதற்காக என் பேட்ஜை எடுத்து மெஷினுக்குள் வைத்திருக்கிறார்.

சாட்சி வேண்டாமா? சிடி ஸ்கேன் மெஷின் ஒரு விஷயத்தில் மனிதரைவிட யோக்கியம். எந்த நாள், எந்த மணிக்கு, யாருடைய கடவுச்சொல்லில் எத்தனை படம் எடுத்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். வியாழக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்ததும், மெஷினின் பட்டியலை ஒரு பக்கமும் நோயாளிகள் பதிவேட்டை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு, அந்த மூன்று மாதத்தையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். எண்ணூற்றுச் சொச்சம் பெயர். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது என்று விரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு புதன்கிழமையில் நின்றது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வரிசையாக ஆறு ஸ்கேன். நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சோதனை' என்று மட்டும். பதிவேட்டில் அந்த நேரத்துக்கு ஆளே இல்லை. கடவுச்சொல் பூஜ்யம் சாருடையது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் படத்தைத் திறந்தாள்.

மனித உடம்பு இல்லை. ஒரு ஏப்ரன். ஈயத்தை உள்ளே வைத்துத் தைத்த, எக்ஸ்ரே அறைக்குள் நிற்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற கனமான அங்கி. பிரிவில் அப்படி ஆறு இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை அவற்றை மேஜையில் கிடத்தி, உள்ளே ஈயம் எங்காவது விரிந்திருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைதான் இது. அடச்சீ என்று இருந்தது அவளுக்கு. இரண்டாவது, மூன்றாவது என்று தள்ளினாள். நான்காவது அவள் வழக்கமாக மாட்டுகிறது. திறந்தாள். வெளிப் பையில் ஒரு சின்னச் சதுரம். அதன் உலோகக் கிளிப் பளீரென்று தெரிந்தது.

பேட்ஜ்.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. அன்றைக்கு, திரையில் சினிமா மாதிரி படம் ஓடிக்கொண்டே இருக்கிற எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடித்து வெளியே வந்து ஏப்ரனைத் தளர்த்தி, பேட்ஜைக் கையில் எடுத்தபோதுதான் வயிறு புரட்டியது. பேட்ஜை ஏப்ரன் பையில் போட்டாள், ஏப்ரனை நாற்காலிமேல் வீசினாள், ஓடினாள். முகம் கழுவி, அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். மறுநாள் பையில் கையை விட்டு எடுத்துக் குத்திக்கொண்டதோடு சரி. பூஜ்யம் சார் பையைப் பார்க்காமல் அதைக் கிடத்தியிருக்கிறார். ஈயத்தைக் கண்ட மெஷின் முழு வேகத்தில் அள்ளிக் கொட்டியிருக்கிறது. பதிமூன்றும் பேட்ஜ் வாங்கினது. அவள் வாங்கவில்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் போர்வைக்குள் இருந்தாள்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வயிற்றின்மேல் கையை வைத்து, "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல" என்றாள்.

அத்தோடு மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எந்தப் படத்தையும் மூலைக்கு மூலை பார்க்காமல் மூட அவளுக்குக் கை வராது. தோள், நெஞ்சு, பை என்று பார்த்துக்கொண்டே கீழே வந்தாள். பைக்குக் கீழே, இடுப்பு வார் மடிகிற இடத்தில், வெள்ளையாக இருக்க வேண்டிய ஈயத்தின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. நான்கு விரல் நீளம். படத்தைப் பெரிதாக்கினாள். கோடு நடுவில் வாய் பிளந்திருந்தது. ஏப்ரனை மாட்டினால் அது சரியாக அடிவயிற்றுக்கு நேரே வரும்.

நெஞ்சில் குத்துகிற பேட்ஜுக்கு இந்த ஓட்டை தெரியாது.

மற்ற ஐந்து படத்தையும் மூலைக்கு மூலை பார்த்தாள், அவற்றில் ஒன்றும் இல்லை. பிறகு ஏப்ரன் சோதனைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். அதே புதன்கிழமை. ஒன்று முதல் ஆறு வரை, ஒரே மையில், ஒரே சாய்வில், "விரிசல் இல்லை". கீழே பூஜ்யம் சார் கையெழுத்து.

அவரைக் கூப்பிட்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவராகவே பேட்ஜைப் பார்த்தார். "ஐயையோ" என்றார். பிறகு கோட்டைப் பார்த்தார். அதற்கு ஐயையோகூட வரவில்லை.

"நீங்க படத்தைப் பாக்கவே இல்லையா சார்?"

"எடுத்தேம்மா. அப்ப நேரம் ஆயிருச்சு. காலையில பாக்கலாம்னு... வருஷா வருஷம் ஒண்ணும் இருக்காது, அதனால..."

"பாக்காமயே எழுதிட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிய வாய். இவர் சதி செய்திருந்தால்கூட அவளுக்குத் திட்டித் தீர்க்க ஒரு ஆள் கிடைத்திருக்கும். நான்கு நாளாக அவள் வளர்த்து வைத்திருந்த வில்லன் எங்கே? எதிரில் இருந்தவர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒரு வேலையைத் தள்ளிப்போட்ட மனிதர். அவளும்தானே பேட்ஜைப் பையில் போட்டுவிட்டு மறந்தாள்?

"சார், எனக்குப் பதினொரு வாரம்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் வெளிறியது.

"எவ்வளவு போயிருக்கும்? கொஞ்சம்னா கொஞ்சம் கெடுதல்னு சொல்வீங்களே. அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு சொல்லுங்க."

பேனாவை எடுத்தார். அந்த அறையில் எத்தனை நாள் நின்றீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம், மெஷினுக்கு எவ்வளவு தூரத்தில் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். "ரொம்பக் கம்மிதாம்மா இருக்கும். புள்ளியில ஏதோ..." விரிசல் எந்த மாதம் விழுந்தது என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. "சரியா சொல்ல முடியாதும்மா. மன்னிச்சிருங்க."

அவள் எழுந்து வாழைப்பழ டாக்டரின் அறைக்குப் போனாள். பேட்ஜ், விரிசல், பதினொரு வாரம், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். அவர் பெரிதாகச் சிரித்தார்.

"இதுக்கா இந்தப் பயம்? ஒண்ணும் ஆகாதும்மா! விரிசல் வழியா என்ன பெருசா வந்துடப்போகுது? நீ ஆகாயத்துல ரெண்டு தடவை பறந்துட்டு வந்தாலே அவ்வளவு படும். பிள்ளை ராஜா மாதிரி பொறக்கும், போ."

அவள் கும்பிடு போட்டுவிட்டுக் கதவு வரை போனாள். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா... மூணாம் நம்பர்ல ஏதாவது இருந்துச்சா?"

மூன்றாம் எண் அவர் மாட்டுகிற ஏப்ரன்.

மூச்சக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் கண் பதிலுக்குக் காத்திருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. "இல்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் புருஷன் வாசலிலேயே நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாதுங்க. கம்மின்னு ரெண்டு பேரும் சொல்றாங்க. அந்த எண் இனிமே வரவே வராது" என்றாள்.

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே யோசித்தார். சிரிக்கவில்லை, விசாரிக்கவும் இல்லை.

"பஸ்ல சில சமயம் இப்படி ஆகும்" என்றார். "ஆளு டிக்கெட் வாங்கினேன்னு சொல்வான், கண்டக்டர் ஞாபகம் இல்லம்பான், தாள் காத்துல போயிருக்கும். சந்தேகம் மண்டையக் குடையும். ஆனா வாங்கலன்னு நிரூபிக்க முடியலன்னா இறக்கிவிடக்கூடாது. அவன் போற எடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். அதுதான் எங்க சட்டம்." பொத்தானை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நான் யாரையும் அப்படி இறக்கிவிட்டதில்ல. தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்" என்றாள். அவர் தோளில் முகத்தை வைத்து, நான்கு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள்.

மறுநாள் காலையில் காரணத்தை எழுதினாள். பேட்ஜைப் பையில் விட்டது தன் தவறு என்று முதல் வரி. படத்தைப் பார்க்காமல் பதிவேட்டில் எழுதியது யார் என்று இரண்டாம் வரி. நான்காம் எண் ஏப்ரனை இனி யாரும் மாட்டக்கூடாது என்று மூன்றாம் வரி. பூஜ்யம் சார் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கர்ப்பமாக இருக்கிற ஊழியர் வயிற்றின்மேல் இரண்டாவதாக ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். அதில் வருகிற எண் தாய்க் கணக்கில் சேராது, பிள்ளைக்குத் தனி ஏடு.

அவள் நின்றபடியே நிரப்பினாள். பிரிவு எழுதினாள். பிரசவத் தேதி கேட்டிருந்தது, அதையும் எழுதினாள். அடுத்த வரியில் பேட்ஜ் அணிபவரின் பெயர் என்று இருந்தது. பேனா ஒரு கணம் நின்றது. பூஜ்யம் சார், "உங்க பேரையே போடுங்கம்மா, போதும்" என்றார்.

அவள் தலையசைத்துவிட்டு, இன்னும் வைக்கவில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.